குறைமாதச் சிசுவுக்கு முதற்பால் எப்போது?

பதறாத காரியம் சிதறாது என்பது நம்மவர் வாயிற் பயின்று வரும் பழமொழி. நிதானத்தின் பெருமையை அது நன்கு உணர்த்துகின்றது. ஆயினும், நிதானம் என்று நாம் கருதுவன எல்லாம் நிதானமாகிவிடுவதில்லை. சில வேளைகளிற் பொறுத்திருத்தல் அறிவாகும். வேறு சில வேளைகளிற் பொறுத்திருத்தலே தீங்காகி விடும். இவ்விரண்டையும் பகுத்துணர்வதற்கு மருத்துவ உலகம் பல தலைமுறை முயன்ற விடயம் ஒன்றை இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம். காலத்துக்கு முந்திப் பிறந்து, அதிதீவிர சிகிச்சைப் பிரிவிலே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும் சிசுவுக்கு முதன்முதல் எப்போது பால் கொடுப்பது என்பதே அவ்விடயம்.

நாம் வைத்தியர் அல்லேம். மருந்தும் அளவும் சொல்லுதல் எமது தொழிலன்று. எனினும், இத்தகைய பிள்ளை பிறந்த வீட்டிலே உள்ளவர்கள் படும் மயக்கத்தை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். “இன்று பால் தொடங்கிவிட்டோம்” என்று வைத்தியர் கூறினால், “இவ்வளவு சின்னஞ்சிறு வயிறு தாங்குமா?” என்று அஞ்சுகின்றனர். “இன்னும் தொடங்கவில்லை” என்று கூறினால், “பிள்ளை பசியால் வாடுகின்றதே!” என்று கலங்குகின்றனர். இரண்டுக்கும் காரணம் உண்டு என்று அறிந்தால் மயக்கம் ஓரளவு நீங்கும். அதனினும் மேலாக, வீட்டார் செய்ய வேண்டிய கடமை யாதென்பதும் விளங்கும்.

நிறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்கு இக்கேள்வி எழுவதில்லை. பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் தாயின் மார்பில் வைத்தால், அது தானே முகந்து, பற்றி, உறிஞ்சி விழுங்குகின்றது. இதனை நாம் மிக எளிய செயல் என எண்ணுகின்றோம். உண்மையில் உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்று தொழில்களும் ஒன்றோடொன்று இசைந்து நடைபெற்றாலன்றிப் பால் வயிற்றைச் சேராது. இசைவு தவறினால் மூச்சுக்குழலிற் புகுந்துவிடும். இந்த இசைவு பெரும்பாலும் கருவின் 32 முதல் 34 வாரங்கள் வரையிலேதான் அமையத் தொடங்குகின்றது. 28 வாரத்திலோ 30 வாரத்திலோ பிறந்த சிசுவுக்கு அது எவ்வாறு அமையும்? ஆகவேதான் மூக்கு வழியாகவோ வாய் வழியாகவோ மெல்லிய குழாய் ஒன்றை இரைப்பைக்குச் செலுத்தி அதன் மூலம் பாலூட்டுகின்றனர்.

37 வாரம் நிரம்புமுன் பிறக்கும் பிள்ளையைக் குறைமாதப் பிள்ளை என்பர். 2020ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் ஏறக்குறைய 1 கோடி 34 இலட்சம் பிள்ளைகள் இவ்வாறு பிறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. “ஏழாம் மாதப் பிள்ளை தங்கும், எட்டாம் மாதப் பிள்ளை தங்காது” என்று ஊரிலே முதியோர் கூறுவதுண்டு. கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் பழைய நூல்களிலும் இக்கருத்துக் காணப்படுகின்றது. இது உண்மையன்று. கருப்பையில் தங்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்குப் பலத்தையே சேர்க்கின்றது. நுரையீரலும் மூளையும் போலவே குடலும் வாரத்துக்கு வாரம் முதிர்கின்றது.

இனி, வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1880களிலே பாரிஸ் நகரத்து மகப்பேற்று வைத்தியசாலையில் ஸ்தெபான் தார்னியே என்னும் வைத்தியர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைக் கண்டு, அதனைப் போன்று சிசுக்களுக்குச் சூடூட்டும் பெட்டியை அமைப்பித்தார். உறிஞ்ச இயலாத சிசுக்களுக்கு றப்பர்க் குழாய் மூலம் பாலூட்டும் முறையைக் கையாண்டவரும் அவரே. அவர் வழிவந்த பியேர் புடின் என்பார், சூடும் பாலும் மட்டும் போதா, தாயும் பிள்ளைக்கு அருகில் இருத்தல் வேண்டும் என்று வற்புறுத்தினார். பிள்ளையைக் காப்பாற்றும்போது தாயின் பாலும் வற்றாமற் காக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே மருத்துவம் வேறொரு வழியிற் சென்றது. குறைமாதச் சிசுவுக்குப் பால் கொடுத்தால் அது எதிர்க்களித்து நுரையீரலிற் புகுந்து உயிரைப் போக்கிவிடும் என்னும் அச்சம் மேலோங்கியது. அவ்வச்சம் வீணானதன்று, அவ்வாறு இறந்த சிசுக்கள் உண்மையில் இருந்தன. ஆதலாற் பிறந்து ஒரு நாளோ இரண்டு நாளோ மூன்று நாளோ பாலும் நீரும் கொடாது விட்டனர். 1950ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியான கட்டுரை ஒன்று இப்பட்டினிக் காலத்தை மேலும் நீட்டுவதைப் பற்றியே பேசியது. அக்காலத்தில் அதுவே நிதானமாகக் கருதப்பட்டது.

பட்டினி இருந்த சிசுக்களுக்கு நேர்ந்தது யாது? கருப்பையில் இருக்கும்வரை பிள்ளைக்குக் கொப்பூழ்க்கொடி வழியாக இடையறாது குளூக்கோசு சென்றுகொண்டிருந்தது. பிறந்தவுடன் அது அறுந்துபோகின்றது. நிறைமாதப் பிள்ளையின் ஈரலிலும் தோலின் கீழும் சேமிப்பு உண்டு. ஒரு கிலோகிராம் நிறையுள்ள சிசுவுக்கோ சேமிப்பு என்று சொல்லத்தக்கது யாதும் இல்லை. இரத்தத்தில் குளூக்கோசு குறைந்தது, உடல் நீர் வற்றியது, மஞ்சட்காமாலை மிகுந்தது. குளூக்கோசு நெடுநேரம் குறைந்திருத்தல் மூளைக்குக் கேடு விளைவிக்கும் என்பது பின்னர் நன்கு தெளிந்தது.

1964ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டைச் சேர்ந்த விக்டோரியா ஸ்மோல்பீஸ், பமெலா டேவிஸ் என்னும் இரு பெண் வைத்தியர்கள் லான்செற் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினர். 1,000 முதல் 2,000 கிராம் வரை நிறையுள்ள 111 சிசுக்களுக்கு அவர்கள் பட்டினி போடவில்லை. நீர் கலவாத தாய்ப்பாலைப் பிறந்த சற்று நேரத்திலேயே குழாய் மூலம் ஊட்டத் தொடங்கினர். அஞ்சிய விபரீதம் நேரவில்லை. குளூக்கோசுக் குறைவும் காமாலையும் குறைந்தன. முன்னைய வழக்கத்தை ஆட்டங்காணச் செய்த ஆராய்ச்சிகளில் இது குறிப்பிடத்தக்கது.

இத்துடன் வழக்குத் தீர்ந்தது என்று கருதற்க. முன்னர் பிழையாத மிகச் சிறிய சிசுக்கள் சுவாசக் கருவிகளின் உதவியாற் பிழைக்கத் தொடங்கியபோது, வேறோர் அச்சம் தோன்றியது. குடலின் சுவர் அழற்சியுற்று அழுகிப்போகும் கொடிய நோய் ஒன்று குறைமாதச் சிசுக்களைத் தாக்குவதுண்டு. நெக்ரோடைசிங் என்டெரோகொலைட்டிஸ் என்பது அதன் பெயர். வைத்தியர்கள் சுருக்கமாக ‘நெக்’ என்பர். நன்றாகத் தேறி வந்த சிசுவின் வயிறு திடீரென வீங்கும். பச்சை நிற வாந்தி உண்டாகும். மலத்தில் இரத்தம் தோன்றும். சிலருக்குக் குடலை வெட்டி அகற்ற வேண்டியும் நேரும். பலர் இறந்துபோவர். இந்நோய் பெரும்பாலும் பால் தொடங்கிய சிசுக்களுக்கே வந்தமையால், பாலே குற்றவாளி என ஐயுற்றனர். 1970களில் மீண்டும் பால் தள்ளிப்போடப்பட்டது.

இம்முறை பட்டினிக்கு ஒரு மாற்றும் கிடைத்திருந்தது. 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலே, நாளம் வழியாகவே எல்லாச் சத்துகளையும் செலுத்தி ஒரு சிசுவை வளர்க்க முடியும் என்று காட்டினர். இவ்வரிய முறை இன்றளவும் எண்ணற்ற உயிர்களைக் காத்து வருகின்றது. பால் வேண்டிய அளவை எட்டும்வரை மிகச் சிறிய சிசுவுக்கு இதுவே ஊன்றுகோல். ஆனால், ஊன்றுகோலையே காலாகக் கொள்ளல் ஆகாது. நாளத்திற் செருகிய குழாய் நாட்கணக்கில் இருக்க இருக்க, அதன் வழியே கிருமிகள் இரத்தத்திற் புகும் அபாயம் பெருகுகின்றது, ஈரலும் பாதிக்கப்படலாம். இவை ஒருபுறமிருக்க, குடலின் நிலை என்ன?

இங்கேதான் இயற்கையின் ஒழுங்கை நாம் உற்று நோக்க வேண்டும். கருப்பையில் உள்ள பிள்ளையின் குடல் உறங்கிக் கிடப்பதில்லை. பிள்ளை தன்னைச் சூழ்ந்துள்ள பனிக்குட நீரை நாள்தோறும் விழுங்குகின்றது. அந்நீர் குடலினூடு சென்று அதன் உட்சுவரை வளர்க்கின்றது. பிறந்தபின் ஒன்றும் வாராத வெறுங்குடல் மெலிகின்றது. செரிமான நீர்கள் குறைகின்றன. கிருமிகளைத் தடுக்கும் வேலியும் தளர்கின்றது. உழாது விட்ட வயல் நாளடைவில் இறுகிப் போவதுபோல, உணவு காணாத குடலும் பின்னர் உணவை ஏற்கும் ஆற்றலை இழக்கின்றது. ஆகவே, குடலுக்கு ஓய்வு கொடுப்பதாக எண்ணிக் குடலை நலிவித்தோம் என்பதை வைத்தியர்கள் படிப்படியாக உணர்ந்தனர்.

எப்போது என்னும் கேள்விக்கு விடை, எதனை என்னும் கேள்வியினுள் ஒளிந்திருந்தது. 1990ஆம் ஆண்டில் அலன் லூக்கஸ், ரிம் கோல் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர்கள் 926 குறைமாதச் சிசுக்களை ஆராய்ந்து லான்செற்றில் எழுதினர். பால்மா மட்டும் ஊட்டப்பெற்ற சிசுக்களிடையே, தாய்ப்பால் மட்டும் ஊட்டப்பெற்றவர்களைக் காட்டிலும் ‘நெக்’ நோய் 6 முதல் 10 மடங்கு வரை அதிகமாக இருந்தது. மற்றொன்றும் கண்டனர். பால் தொடங்குவதைத் தாமதித்தமை பால்மாச் சிசுக்களுக்கே நோய்க் குறைவுடன் தொடர்புற்றிருந்தது. தாய்ப்பாற் சிசுக்களுக்கு அத்தாமதத்தால் அத்தகைய பயன் எதுவும் காணப்படவில்லை. தாய்ப்பாலாயின் காத்திருக்கக் காரணம் மிகக் குறைவு என்பதே இதன் பொருள்.

கருப்பையிலேயே இரத்த ஓட்டம் குன்றி மெலிந்து பிறந்த குறைமாதச் சிசுக்களுக்குக் குடல் நோய் வரும் அபாயம் மிகுதி. அவர்களுக்கேனும் தாமதித்தல் நன்றன்றோ என்று சிலர் வினாவினர். ஐக்கிய இராச்சியத்திலும் அயர்லாந்திலும் உள்ள 54 வைத்தியசாலைகளில் அத்தகைய 404 சிசுக்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டாம் நாளிலும் மற்றப் பிரிவினருக்கு ஆறாம் நாளிலும் பால் தொடங்கினர். 2012ஆம் ஆண்டில் முடிவு வெளியாயிற்று. முந்தித் தொடங்கியவர்கள் 18ஆம் நாளளவிலும் பிந்தித் தொடங்கியவர்கள் 21ஆம் நாளளவிலும் முழுப்பாலை எட்டினர். குடல் நோயோ முந்தியவர்களில் 18 சதவீதம், பிந்தியவர்களில் 15 சதவீதம். இவ்வேறுபாடு தற்செயலாக நேரக்கூடிய அளவினதே எனக் கணக்கியலார் முடிவு செய்தனர். தாமதம் குடலைக் காத்தது என்று கூற இடமில்லாமற் போயிற்று.

தொடங்கிய பின்னர் எவ்வளவு விரைவாகக் கூட்டுவது? 2019ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு பேராராய்ச்சி, 2,804 சிசுக்களிடம் இதனைச் சோதித்தது. நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 18 மில்லிலீற்றர் வீதம் கூட்டியவர்களுக்கும் 30 மில்லிலீற்றர் வீதம் கூட்டியவர்களுக்கும் இடையே, குடல் நோயிலோ இரண்டு வயதில் ஊனமின்றி வாழ்தலிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இவற்றையும் இவை போன்றவற்றையும் சீர்தூக்கிய உலக சுகாதார நிறுவனம், 2022ஆம் ஆண்டில் தனது விதந்துரைகளை வெளியிட்டது. மிகவும் குறைமாதத்திற் பிறந்தவர்கள் உட்பட எல்லாச் சிசுக்களுக்கும் பிறந்த முதல் நாளிலிருந்தே கூடிய விரைவிற் பாலூட்டத் தொடங்க வேண்டும் என்றும், அது தன் தாயின் பாலாயிருத்தலே முதன்மை என்றும், அது கிடையாவிடில் வேறு தாய்மார் தானமளித்த பாலைக் கொடுக்கலாம் என்றும் அது கூறுகின்றது.

முதல் நாள் பால் என்றவுடன் போத்தல் நிறையக் கொடுப்பதாக எண்ணிவிடலாகாது. மிகச் சிறிய சிசுவுக்குத் தொடக்கத்திற் கொடுப்பது, ஒரு கிலோகிராம் நிறைக்கு நாள் முழுவதற்கும் 10 முதல் 20 மில்லிலீற்றர் வரை ஆகும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை என்று பன்னிரண்டாகப் பங்கிட்டால், ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டியின் மூன்றிலொரு பங்கு கூட வருவது அரிது. இது வயிற்றை நிரப்புவதற்கன்று, குடலை எழுப்புவதற்கு. உடல் வளர்ச்சிக்கு வேண்டியது அந்நாட்களில் நாளம் வழியாகச் செல்கின்றது. ஒன்று ஏற ஏற மற்றது இறங்கும். இவ்வாறு கைமாறும் நாட்களிலே, தாதியர் சிசுவின் வயிற்றையும் வாந்தியையும் மலத்தையும் ஓயாது கவனித்து வருகின்றனர்.

வைத்தியர் காத்திருப்பது நியாயமான இடங்களும் உண்டு என்பதை மறத்தலாகாது. குடலில் அடைப்பு உள்ளபோதும், பிறவியிலேயே குடல் சரிவர அமையாதபோதும், இரத்த ஓட்டம் தளர்ந்து சிசு நிலைகுலைந்திருக்கும்போதும், குடல் நோயின் அறிகுறி தோன்றியபோதும் பாலை நிறுத்தியே ஆக வேண்டும். அக்காத்திருப்புக்குக் காரணம் உண்டு. நாம் மறுப்பது காரணமற்ற காத்திருப்பை. “இது வழக்கம்” என்பதற்கு மேல் விடையில்லாத காத்திருப்பை. ஆகவே, “இன்னும் தொடங்கவில்லை” என்று கேட்கும் பெற்றோர், “காரணம் யாது? எதனை எதிர்பார்த்திருக்கின்றீர்கள்?” என்று பணிவோடு வினாவலாம். அது வைத்தியரைக் குற்றங் கூறுவதாகாது. நல்ல வைத்தியர் அவ்வினாவை வரவேற்பார்.

இப்போது வீட்டாரின் கடமைக்கு வருவோம். முதல் நாளிற் பாலூட்டுதல் வைத்தியர் ஒருவரால் மட்டும் ஆவதன்று. முதல் நாளிற் பால் இருந்தாலன்றோ ஊட்டலாம்? பிள்ளை ஒரு பிரிவிலும் தாய் வேறொரு பிரிவிலும் கிடக்கையில், பிள்ளை உறிஞ்சாத மார்பிற் பால் தானே பெருகாது. கூடுமானாற் பிரசவித்த ஓரிரு மணித்தியாலங்களுக்குள் தாய் கையாற் பீச்சியெடுக்கத் தொடங்க வேண்டும். பின்னர் இரவையும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமற் பீச்ச வேண்டும். முதலில் வருவது சில துளிகளே. மஞ்சள் நிறமும் பிசுபிசுப்பும் கொண்ட இதனைச் சீம்பால் என்றும் கடும்புப்பால் என்றும் வழங்குவர். “இது பழைய பால், இது ஆகாது” என்று பிழிந்து எறியும் வழக்கம் ஒரு காலத்தில் நம் வீடுகளிலும் இருந்தது. சில முதியோரிடம் அதன் எச்சம் இன்றும் உண்டு. நோயை எதிர்க்கும் பொருள்கள் செறிந்திருப்பது இத்துளிகளிலேதான். குறைமாதச் சிசுவுக்கு வேண்டியதும் சில துளிகளே. ஆதலின் ஒரு துளியும் வீணாகலாகாது.

இலங்கையிலே 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களில் 82 சதவீதத்தினருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்பட்டது. நாம் பெருமை கொள்ளத்தக்க நிலை இது. ஆனால், பிள்ளையைக் கையில் ஏந்திப் பாலூட்டும் தாய்க்குள்ள எளிமை, கண்ணாடிக்கு வெளியே நிற்கும் தாய்க்கு இல்லை. அவளுக்கு உடலில் வலி, உள்ளத்திலே அச்சம். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து, பிள்ளையைக் காணாமலே பால் பீச்சுவது எத்துணைக் கடினம் என்பதை ஆடவராகிய நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அவளைச் சூழ்ந்துள்ளோர் செய்யத்தக்கவை பல. கணவன் சுத்தமான பாத்திரத்தை ஆயத்தஞ் செய்து, பீச்சிய பாலைத் தாதியர் கூறியவாறு காலந் தாழ்த்தாது கொண்டு சேர்க்கலாம். தாயும் மாமியும் அவளுக்கு வேளாவேளைக்குச் சூடான உணவு கொடுத்து, இரவிற் துணையிருக்கலாம். “பால் வருகுதா, இவ்வளவுதானா?” என்று ஓயாது கேட்டு அவள் மனத்தைச் சுருங்கச் செய்யாதிருத்தலே பேருதவியாகும். தேனோ சீனித்தண்ணீரோ கொத்தமல்லித் தண்ணீரோ எவ்வளவு அன்போடு கொண்டு சென்றாலும், அவற்றைச் சிசுவின் நாவில் தடவ ஒருபோதும் முயலலாகாது. எவ்வளவு முயன்றும் பால் போதாத தாயரும் உளர். அவர்கள் மீது பழி சுமத்துதல் அறமன்று. தானப்பாலோ, குறைமாதச் சிசுவுக்கென அமைந்த பால்மாவோ கொடுக்க வேண்டியிருந்தால் அதனை வைத்தியர் தீர்மானிப்பார்.

மற்றுமொன்று. 1978ஆம் ஆண்டளவில் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், சூடூட்டும் பெட்டிகள் போதாமையால், எட்கார் ரே என்னும் வைத்தியர் சிசுக்களைத் தாயின் வெற்று மார்பிலே அணைத்துக் கட்டி வளர்க்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு முறை என அது பெயர் பெற்றது. வறுமையிற் பிறந்த அம்முறையைக் குறைமாதச் சிசுக்கள் அனைவருக்கும் இயன்றளவு விரைவிலேயே தொடங்குமாறு உலக சுகாதார நிறுவனம் இன்று விதந்துரைக்கின்றது. அணைப்பிலே சிசுவின் உடற்சூடு நிலைக்கின்றது. தாய்க்கும் பால் சுரக்கின்றது. குழாயிற் பால் செல்லும்போதே பிள்ளை தாயின் மார்பிற் கிடக்கலாம். வைத்தியசாலை இடந்தருமாயின் தாய்மார் இதனைக் கேட்டுப் பெற வேண்டும்.

பட்டினி போட்ட வைத்தியர்கள் கொடியவர் அல்லர். பிள்ளையைக் காக்கவே அவ்வாறு செய்தனர். ஒரு செயலைச் செய்வதால் வரும் தீங்கு கண்ணுக்குத் தெரிந்தது. செய்யாது விடுவதால் வரும் தீங்கு தெரியவில்லை. எண்ணிப் பார்த்து, அளந்து பார்த்து, ஒப்புநோக்கிய பின்னரே அது புலனாயிற்று. பிள்ளைகளைப் பழக்குதல், நோயாளரைப் பேணுதல், முதியோரைக் கவனித்தல் முதலிய வீட்டுக் காரியங்கள் பலவற்றிலும் இந்த உண்மை பொருந்தும். எனினும், இவ்வாரம் எமது வேண்டுகோள் ஒன்றே. உங்கள் குடும்பத்திலோ அயலிலோ ஒரு பிள்ளை காலத்துக்கு முந்திப் பிறந்ததாகக் கேள்வியுற்றால், பிள்ளையைக் காண முண்டியடிப்பதற்கு முன், அதன் தாய்க்கு முதற்பாலை எடுக்கத் துணை செய்பவர் யாரேனும் உளரோ என்று விசாரியுங்கள். இல்லையெனில், அப்பிரிவிலுள்ள தாதியிடம் அன்றைக்கே சென்று கேளுங்கள். மறுநாள் வரை அதனைத் தள்ளிப்போட வேண்டா.